எல்லாம் ஒரே காஸ்தான் என்று சொல்லாதீர்கள்



ஒரு வாரமாக நம் குடும்பக் குழுவிலும் பழைய மாணவர் குழுவிலும் ஒரு செய்தி சுற்றுகிறது. "சிலிண்டர் காஸும் பைப் காஸும் ஒண்ணுதான். பேரை மாத்தி ரெண்டு விலை வாங்குறாங்க. காஸ் நாத்தம் வந்தா உடனே எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுங்க, மேலே போயிடும்." கீழே வரிசையாகக் கைகூப்பல்கள். அனுப்பியவர்களில் இன்ஜினியரிங் முடித்தவர்களும் இருக்கிறீர்கள். அதனால்தான் கோபத்தோடு எழுதுகிறேன்.

முதலில் "ஒண்ணுதான்" என்ற பேச்சு. நிலத்தடியிலிருந்து வரும் இயற்கை எரிவாயு ஒரு கலவை. பெரும்பகுதி மீத்தேன், கூடவே ஈத்தேன், புரோப்பேன், பியூட்டேன், பென்டேன். தோல் மண்டியில் ஆட்டுத்தோலையும் மாட்டுத்தோலையும் ஒரே கட்டாகக் கட்டி ஒரே விலைக்குக் கொடுத்தால் நம்மூரில் யாராவது வாங்குவார்களா? இதுவும் அப்படித்தான். ரகம் பிரித்தால்தான் பயன்படும்.

எப்படிப் பிரிக்கிறார்கள்? கொதிநிலையை வைத்து. மீத்தேன் மைனஸ் 161 டிகிரி, ஈத்தேன் மைனஸ் 89, புரோப்பேன் மைனஸ் 42, பியூட்டேன் மைனஸ் அரை டிகிரி, பென்டேன் 36. வாயுவைக் கடுமையாகக் குளிர வைத்தால் கனமானவை திரவமாகும். மீத்தேன் தனியே குழாய்க்குப் போகும். அந்தத் திரவத்தை உயரமான கோபுரங்களில் வரிசையாக ஏற்றிச் சூடாக்குவார்கள். முதல் கோபுரத்தின் உச்சியில் ஈத்தேன் வெளியேறும். அடுத்தடுத்த கோபுரங்களில் புரோப்பேன், பியூட்டேன். கடைசியில் அடியில் தங்குவது பென்டேனும் அதைவிடக் கனமானவையும். வகுப்பில் படித்த பின்னக் காய்ச்சி வடித்தலேதான் இது.

மத்தியப் பிரதேசம் விஜய்ப்பூரில் கெயில், மகாராஷ்டிரம் உரானிலும் குஜராத் ஹஜீராவிலும் ஓ.என்.ஜி.சி. இந்த வேலையைச் செய்கின்றன. கத்தாரிலிருந்து கப்பலில் வரும் எரிவாயுவிலிருந்து ஈத்தேன், புரோப்பேன், பியூட்டேனைப் பிரிக்கவே தஹேஜில் ஓ.என்.ஜி.சி. தனி ஆலை கட்டியது. எல்லாம் ஒன்று என்றால் எதற்கய்யா அந்த ஆலை? நம் மணலி போன்ற சுத்திகரிப்பு ஆலைகளில் கச்சா எண்ணெயிலிருந்தும் சிலிண்டர் காஸ் கிடைக்கிறது. அதுவும் புரோப்பேன், பியூட்டேன் வகைதான். இது போதாமல் நாடு எரிக்கும் சிலிண்டர் காஸில் பாதிக்கு மேல் இறக்குமதி. சரக்கு வேறு, வரும் வழி வேறு. விலை அதிகம் என்று திட்டுங்கள், நானும் சேர்ந்து திட்டுகிறேன். ஒரே சரக்குக்கு இரண்டு விலை என்று மட்டும் சொல்லாதீர்கள்.

சரியாகப் பிரிக்காவிட்டால் என்ன ஆகும்? ஈத்தேன் 32 டிகிரிக்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் திரவமாக நிற்காது. நம் சித்திரை வெயிலில் அது அதிகமாகக் கலந்த சிலிண்டரின் அழுத்தம் எங்கே போய் நிற்கும்? பென்டேன் நிறையக் கலந்தால் அது ஆவியாகாமல் சிலிண்டரின் அடியிலேயே கிடக்கும். நீங்கள் காசு கொடுத்த எடை அடுப்புக்கு வராது.

இப்போது உயிர்ப் பிரச்சினைக்கு வருகிறேன். மீத்தேன் காற்றின் எடையில் பாதியைவிடச் சற்று அதிகம், அவ்வளவுதான். கசிந்தால் மேலே ஏறும். புரோப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு, பியூட்டேன் இரண்டு மடங்கு கனம். சிலிண்டர் காஸ் கசிந்தால் தரையில் தண்ணீர் போலப் பரவும். படி இறங்கிப் போகும் சமையலறையிலும் கட்டிலடியிலும் சாக்கடை வாயிலும் தேங்கும். "மேலே போயிடும்" என்று எழுதியவர் எந்த காஸைச் சொல்கிறார்?

ஃபேன் போடச் சொல்வது அதைவிட ஆபத்து. சுவிட்சைத் தட்டும்போது வரும் சின்னப் பொறி போதும். காற்றில் சுமார் 2 சதவீதம் சிலிண்டர் காஸ் கலந்தாலே பற்றிக்கொள்ளும். "இருபது வருஷமா ஃபேன்தான் போடறோம், ஒண்ணும் ஆகலையே" என்று ஒரு மருமகன் எழுதியிருந்தார். மாப்பிள்ளை, அந்த நாட்களில் கசிவு 2 சதவீதத்தைத் தொடவில்லை, அவ்வளவுதான். அதை நம்பிப் பிள்ளைகள் தூங்கும் வீட்டில் பரீட்சை வைக்காதீர்கள்.

இன்னொன்று. வேலூர், சென்னை, பெங்களூரு என்று குடியிருக்கும் பிள்ளைகள் குழாய் காஸுக்கு மாறும்போது, அடுப்பின் ஜெட்டை ஆள் வைத்து மாற்றாமல் இணைக்காதீர்கள். மீத்தேனுக்குத் துளை பெரிது. அந்த ஜெட்டோடு திரும்பவும் சிலிண்டரை மாட்டினால் சுடர் மஞ்சளாகப் பொங்கும், கரி பிடிக்கும், கார்பன் மோனாக்சைடு வரும்.

செய்ய வேண்டியது இதுதான். நாற்றம் வந்தால் ரெகுலேட்டரை மூடுங்கள். எந்த சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு எல்லோரும் வெளியே வாருங்கள். வெளியே வந்த பிறகு 1906-க்கு போன் செய்யுங்கள். எலி வருகிறது என்று சமையலறையில் தரையோரக் காற்றுத் துளையை அடைத்திருந்தால், அட்டையைப் பிடுங்கிவிட்டுக் கம்பி வலை போடுங்கள்.

அந்தச் செய்தியை அனுப்பியவர்கள் இன்றைக்கே அழித்துவிட்டு, அதே குழுவில் சரியானதை எழுதுங்கள். கெமிக்கல் இன்ஜினியரிங் படித்துவிட்டுப் பேசாமல் இருக்கும் பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்கிறேன்: உங்கள் பெரியம்மா உங்கள் வார்த்தையை நம்புவார். அவருக்கு ஒரு போன் போட்டுச் சொல்லுங்கள்.