நாகாஸ்திரத்தை ஏன் இன்னொரு தடவை விடவில்லை?

"ஃபேன்டஸில போய் லாஜிக் பாப்பியா?" என்று கேட்பவர்கள் தாங்கள்தான் உண்மையான ரசிகர்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அது கதை எழுதினவரை அவமதிக்கும் கேள்வியாகவே படுகிறது. மந்திரம் இல்லாத கதையில் பசி, பணம், புவியீர்ப்பு எல்லாம் யாரும் சொல்லாமலேயே வேலை செய்யும். மந்திரக் கதையில் எது முடியும், எது முடியாது என்று எழுதுகிறவரே விதி போட வேண்டும், அவரே அதற்குக் கட்டுப்படவும் வேண்டும். அதனால் லாஜிக் அங்கேதான் கூடுதலாகத் தேவை.

இது வெள்ளைக்காரன் பழக்கம் என்றும் சிலர் சொல்கிறார்கள். வாசகருக்கு மந்திரம் எந்த அளவுக்குப் புரிந்திருக்கிறதோ அந்த அளவுக்குத்தான் அதை வைத்துச் சிக்கலைத் தீர்க்கலாம் என்று பிராண்டன் சாண்டர்சன் 2007இல் எழுதினார். சரிதான். ஆனால் எங்கள் ஏம்பலம் பக்கம் விடிய விடிய உட்கார்ந்து 'கர்ண மோட்சம்' கூத்து பார்க்கிற பாட்டிகளுக்கு இது புதுசு இல்லை.

கர்ணன் கவச குண்டலத்தோடு பிறந்தவன். அதை இந்திரன் வந்து கேட்டு வாங்கிப் போகிறான். பதிலுக்கு ஒரு சக்தி ஆயுதம், அதுவும் ஒரே தடவைக்கு. அர்ச்சுனனுக்கென்று பொத்தி வைத்திருந்ததைக் கடோத்கசன்மேல் செலவழிக்கும்படி ஆகிவிடுகிறது. மிச்சம் இருப்பது நாகாஸ்திரம். கண்ணன் தேரை அழுத்த, அது அர்ச்சுனனின் கிரீடத்தைத் தட்டிக்கொண்டு போகிறது. இன்னொரு தடவை விட வேண்டியதுதானே?

வியாசரிலும் கர்ணன் மறுக்கிறான். ஒரே அம்பை இருமுறை தொடுப்பதில்லை என்பது அங்கே அவனுடைய வீரம். வில்லிபுத்தூராரிலும் கூத்திலும் காரணம் வேறு: குந்தி முன்பே வந்து அந்த வரத்தைக் கேட்டு வாங்கிவிட்டாள். அவன் குணத்தில் தொங்கிக்கொண்டிருந்த ஒரு முடிச்சை முன்னாடியே நடந்த ஒரு காட்சியில் கொண்டுபோய்க் கட்டியிருக்கிறார்கள். இவ்வளவு சுத்தமான பேட்ச்சை நான் ஆபீசில்கூடப் பார்த்ததில்லை. அழவும் வைக்கிற பேட்ச் அது. 'நான்தான் உன் அம்மா' என்று சொல்லிக்கொண்டு வந்தவள், வந்த அன்றே கேட்டது அவன் உயிரை. கடைசியில் அம்பு தைத்தும் உயிர் போகவில்லை, செய்த தர்மம் காக்கிறது. கண்ணன் கிழப் பிராமணனாக வந்து அந்தப் புண்ணியத்தையும் தானமாகக் கேட்கிறான். கேட்டவருக்கு இல்லையென்று சொல்லமாட்டான் என்ற ஒரே விதிதான் இந்திரனுக்கும் குந்திக்கும் கண்ணனுக்கும் கதவைத் திறந்துவிடுகிறது. நடுவில் குறுக்குக் கேள்வி கேட்கவென்றே கட்டியக்காரன் ஒருவன் இருக்கிறான், ராஜாவையே விடமாட்டான்.

ஆனால் ஓட்டை கண்டுபிடிக்கிறோம் என்று கிளம்புகிறவர்களில் பாதிப் பேர் புத்தகத்தை ஒழுங்காகப் படிப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். "ஹாரி பாட்டர்ல டைம் டர்னர் இருந்துச்சே, அப்பா அம்மாவைக் காப்பாத்தியிருக்கலாமே?" என்பார்கள். 1999இல் வந்த மூன்றாவது புத்தகத்தில் ஹாரியும் ஹெர்மயனியும் நடந்த எதையும் மாற்றுவதே இல்லை. பக்பீக் முதல் தடவையும் சாகவில்லை. கோடரிச் சத்தத்தைக் கேட்டு இவர்களாக நினைத்துக்கொண்டதுதான். ஏரிக்கரையில் ஹாரியைக் காப்பாற்றினதும் ஹாரியேதான். நடந்தது நடந்ததுதான் என்ற கதையிடம் போய் ஏன் மாற்றவில்லை என்று கேட்டால் என்ன பதில் வரும்? ரவுலிங்குக்கே இந்தக் கேள்வி தொல்லையாக இருந்ததோ என்னவோ, ஐந்தாவது புத்தகத்தில் அலமாரியோடு எல்லா டைம் டர்னரையும் உடைத்துப் போட்டார். எனக்கு அது பிடிக்கவில்லை.

உண்மையான அநியாயம் 2016இல் மேடையேறிய 'கர்ஸ்டு சைல்டு' நாடகம். அதில் பழைய காலத்துக்குப் போனால் எல்லாம் மாறுகிறது. செத்த ஸ்னேப் உயிரோடு இருக்கிறார், ஹாரியின் பையன் பிறக்காமலே போகிறான். புத்தகத்தில் பொருந்தாத அந்தக் கேள்வி இங்கே பொருந்திவிடுகிறது. கடைசியில் ஹாரி, பெற்றோர் கொல்லப்படும் இரவுக்கே போய், தலையிடாமல் நிற்கிறான். தலையிட்டால் உலகமே மாறிவிடுமாம். புத்தகத்தில் முடியாது என்றிருந்தது நாடகத்தில் கூடாது என்று ஆகிவிட்டது. பதினேழு வருஷம் நின்ற விதி எங்கே போனது என்று கேட்டால், மந்திரக் கதைதானே, விடுப்பா என்கிறார்கள்.