உடுப்பவரும் உழைப்பவரும்



உடலை மறைக்கவும் குளிரைத் தாங்கவும் வந்த உடை, இன்று உடுப்பவர் இன்னார் என்று ஊருக்கு அறிவிக்கும் விளம்பரமாகவும் வளர்ந்துவிட்டது. நாம் அணியும் சட்டையின் பூவேலைப்பாடு எந்த ஊரினது, காலில் போடும் செருப்பின் அமைப்பு யாருடையது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்? கடையில் இருக்கிறது, கண்ணுக்கு நன்றாக இருக்கிறது, வாங்குகிறோம். அவ்வளவில் கதை முடிந்துவிடுகிறது.

ஒரு கூட்டத்தாரின் உடையையோ அணியையோ வேறொருவர் எடுத்துத் தம்முடையது போல விற்றால் அது முறையா? முறையன்று என்று ஒருவர் கண்டித்தால், எடுத்தவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும்? இந்தக் கேள்விகள் மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்களில் பல ஆண்டுகளாகப் பேசப்படுபவை. நமக்கும் அவற்றிற்கும் தொடர்பில்லை என்று எண்ணியிருந்த பலரை, 2025ஆம் ஆண்டில் ஒரு செருப்பு விழிக்கச் செய்தது.

அந்த ஆண்டு ஜூன் மாதம் இத்தாலி நாட்டு மிலான் நகரில் பிராடா என்னும் புகழ்பெற்ற கம்பெனி தன் ஆடவர் உடைகளை மேடையேற்றியது. நடந்து வந்த இளைஞர்களின் கால்களில் இருந்தவை, பெருவிரலுக்கு ஒரு வளையமும் குறுக்கே பின்னிய தோல்வாரும் கொண்ட செருப்புகள். பார்த்த இந்தியர் எவர்க்கும் அவை கோலாப்பூர்ச் செருப்பு என்று சொல்லித் தரவேண்டியிருக்கவில்லை. கம்பெனியின் குறிப்பிலோ அவை வெறும் ‘தோல் செருப்பு’ என்றே இருந்தன. கோலாப்பூரின் பெயர் இல்லை. இந்தியாவின் பெயரும் இல்லை. மகாராஷ்டிரத்தின் நான்கு மாவட்டங்களுக்கும் கர்நாடகத்தின் நான்கு மாவட்டங்களுக்கும் பொதுவாக, 2019இலேயே அந்தச் செருப்பு புவிசார் குறியீடு பெற்றிருந்தது.

கண்டனம் எழுந்தது. மகாராஷ்டிர வர்த்தக சபை கம்பெனிக்குக் கடிதம் எழுதியது. கம்பெனியின் சார்பில் லொரென்சோ பெர்டெல்லி விடை எழுதினார். நூற்றாண்டுகள் பழமையுள்ள இந்தியக் கைவினைச் செருப்புகளே தங்கள் வடிவத்திற்குத் தூண்டுதல் என்பதை அதில் ஒப்புக்கொண்டார். ஜூலையில் கம்பெனியைச் சேர்ந்தவர்கள் கோலாப்பூருக்கே வந்து தொழிலாளரைப் பார்த்தார்கள். பம்பாய் உயர்நீதிமன்றத்தில் சிலர் தொடுத்த பொதுநல வழக்கு மட்டும் நிற்கவில்லை; குறியீட்டுக்கு உரிய அமைப்புகள்தாம் வழக்குத் தொடுக்க வேண்டும் என்று அது தள்ளுபடியாயிற்று. டிசம்பரில் அந்த உரிமை பெற்ற இரு மாநிலத் தோல் தொழில் வளர்ச்சிக் கழகங்களோடு கம்பெனி ஒப்பந்தம் செய்துகொண்டது. 2,000 இணைகள் இந்தியாவிலேயே செய்யப்படும், இணை ஒன்று ஏறத்தாழ 800 யூரோவுக்கு விற்கப்படும், கைவினைஞருக்குப் பயிற்சியும் தரப்படும் என்று அறிவித்தார்கள்.

ஊர்ச் சந்தையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் செருப்பு, கடல் கடந்தால் பல பத்தாயிரம் ரூபாய் ஆகிறது. அந்தப் பணத்தில் தைத்தவர் கைக்கு எவ்வளவு போகும் என்பதே இனி நாம் கேட்க வேண்டிய கேள்வி. ஆயினும் ஒன்றை மறுக்க இயலாது. கண்டித்தவர்கள் வாய் மூடி இருந்திருந்தால், கடிதமும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை. ‘இதற்கெல்லாம் கூச்சலா?’ என்று எள்ளி நகையாடியவர்கள் இதனை நினைவில் வைக்க வேண்டும்.

இது தனித்த நிகழ்ச்சியும் அன்று. அதே 2025இல் அடிடாஸ் கம்பெனி, மெக்சிகோ நாட்டு யலாலாக் என்னும் ஊரின் பழங்குடி மக்கள் செய்யும் செருப்பைப் போன்ற ஒன்றை வெளியிட்டுக் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. ஆகஸ்ட் மாதத்தில் கம்பெனியின் அலுவலர் அந்த ஊருக்கே சென்று, மக்கள் முன் நின்று மன்னிப்புக் கேட்டார். 2019இல் அமெரிக்க நடிகை கிம் கர்தாஷியன் தம் உள்ளாடை வணிகத்துக்குக் ‘கிமோனோ’ என்று பெயரிட்டார். கிமோனோ ஜப்பானியரின் மரபுடை. கியோட்டோ நகரத்து மேயர் மரியாதையாக ஒரு கடிதம் எழுதி, பெயரை மாற்றும்படி வேண்டினார். பெயர் மாற்றப்பட்டது. அதனால் அந்த அம்மையாரின் வணிகம் நொடித்துப் போய்விடவும் இல்லை.

எல்லாரும் இப்படி நடப்பதில்லை. கண்டனம் வந்தவுடன் பெரும்பாலோர் வாயில் வருவன மூன்று விடைகள். ‘நாங்கள் பெருமைப்படுத்தத்தானே செய்தோம்?’ என்பது ஒன்று. ‘உலகமே ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கியதுதானே?’ என்பது மற்றொன்று. ‘உங்களுக்கு எதற்கெடுத்தாலும் மனம் புண்படும்’ என்பது மூன்றாவது.

முதல் விடை எளிதில் உடைவது. பெருமைப்படுத்துகிறவன் பெயரைச் சொல்லுவான். பெயரை மறைத்துவிட்டுப் பெருமைப்படுத்தினேன் என்றால் யார் நம்புவார்? மூன்றாவது விடை, விடையே அன்று. கேட்டவனின் வாயை அடைக்கும் உபாயம்.

இரண்டாவது விடையில் உண்மை உண்டு. அதை எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. சாந்திபுரத்துப் பக்கம் வாழ்கிற நமக்கு இது நன்றாகத் தெரியும். மூன்று மாநிலங்கள் அருகருகே வந்து நிற்கும் மண் இது. ஒரே வீட்டில் தெலுங்கும் தமிழும் கன்னடமும் கேட்கின்றன. யாருடைய சமையல், யாருடைய சேலைக்கட்டு என்று பிரித்துப் பார்த்தால் நம்மிடம் மிஞ்சுவது கொஞ்சமே. நாம் அணியும் கால்சட்டை ஐரோப்பாவிலிருந்து வந்தது. அதற்காக எவரும் நம்மீது வழக்குத் தொடுக்கவில்லை. கலத்தல் குற்றமானால் மனிதன் வாழவே முடியாது.

அப்படியானால் குற்றம் எங்கே இருக்கிறது? எடுத்தவனுக்கும் கொடுத்தவனுக்கும் இடையே உள்ள ஏற்றத்தாழ்வில் இருக்கிறது. அண்டை வீட்டார் இருவர் குழம்பு மாற்றிக்கொள்வது ஒன்று. கடன் பத்திரத்தில் கைநாட்டு வாங்கிக்கொண்டு நிலத்தை எழுதி வாங்குவது வேறொன்று. நம் சோழமண்டலக் கடற்கரை இந்த இரண்டாவது வகையை ஒரு முறை கண்டிருக்கிறது.

பதினேழாம் நூற்றாண்டில் இந்தக் கரையிலிருந்து சென்ற சாயத்துணிகளுக்கு ஐரோப்பா மயங்கிக் கிடந்தது. வெளுத்தால் போகாத சிவப்பும் நீலமும் அங்குள்ளவர்க்குச் செய்யத் தெரியாது. தம் நாட்டு நெசவாளர் கெடுவார்கள் என்று அஞ்சி, பிரான்சு 1686இல் இந்தத் துணிகளைத் தடை செய்தது. இங்கிலாந்து 1700இல் இறக்குமதியைத் தடுத்தது. 1721இல் உடுத்தவும் கூடாது என்றது. இடையே, சாயம் ஏற்றும் இரகசியத்தை அறியும் வேலையும் நடந்தது. கேர்து என்னும் பிரெஞ்சுப் பாதிரியார், தம்மிடம் ஞானஸ்நானம் பெற்ற சாயத் தொழிலாளரிடம் கேட்டறிந்த முறைகளை 1742இல் கடிதமாக எழுதித் தம் நாட்டுக்கு அனுப்பினார். 1759இல் பிரான்சின் தடை நீங்கியது. மறு ஆண்டே பாரிசு அருகில் ஷூய் என்னும் ஊரில் ஓபர்காம்ப் துணி அச்சிடும் ஆலையைத் தொடங்கினார். அவருடைய துணியின் புகழ் இன்றும் இருக்கிறது. கடிதத்துக்குச் செய்தி சொன்ன நம் சாயத் தொழிலாளி ஒருவரின் பெயராவது உலகுக்குத் தெரியுமா?

அந்தக் கலையின் உறவு நமக்கு அருகிலேயே, திருக்காளத்தியில் இன்றும் உயிரோடு இருக்கிறது. காளத்திக் கலம்காரிக்கு 2005-06இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அவ்வூர்க் கலைஞர் ஜொன்னலகட்ட குரப்ப செட்டி 2008இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். விருதுக்குப் பின்னால் உள்ள உழைப்பைக் கேளுங்கள். பருத்தித் துணியைக் கடுக்காய்ச் சாறும் எருமைப்பாலும் கலந்த நீரில் நனைத்து உலர்த்த வேண்டும். பால் இல்லாவிட்டால் மை பரவிவிடும். புளியமரக் குச்சியைச் சுட்ட கரியால் உருவம் வரைய வேண்டும். இரும்புத் துண்டுகளையும் வெல்லத்தையும் பல நாள் ஊற வைத்து எடுத்த கருமையை மூங்கில் எழுதுகோலால் தீட்ட வேண்டும். சிவப்பு வேண்டிய இடத்தில் படிகார நீர் பூச வேண்டும். ஒவ்வொரு நிறத்துக்கும் துணியை ஓடும் நீரில் அலச வேண்டும். பொன்முகலி ஆறு அதற்கு உதவியது. ஒரு சேலை முடிய வாரங்கள் ஆகும், மாதங்களும் ஆகும்.

நாம் பெருநகரக் கடைகளிலும் கைபேசியிலும் ‘கலம்காரி’ என்று வாங்குவதில் பெரும்பகுதி, இயந்திரம் சில நிமிடங்களில் அச்சிட்டது. எழுதுகோல் அதன்மேல் பட்டதே இல்லை. மசூலிப்பட்டினத்துப் பக்கம் மரஅச்சால் ஒற்றிச் செய்வதும் கலம்காரி என்றே வழங்கும். அது கைத்தொழில்தான், அதற்கும் தனிக் குறியீடு உண்டு. நான் சொல்வது அதனை அன்று. ஆலை அச்சைச் சொல்கிறேன். மிலானில் பொருளை எடுத்துக்கொண்டு பெயரை விட்டுவிட்டார்கள். இங்கே பெயரை எடுத்துக்கொண்டு தொழிலாளியை விட்டுவிடுகிறார்கள். இத்தாலியன் செய்தால் கொதிக்கிற நாம், நம் ஊர் வியாபாரி செய்தால் தள்ளுபடி எவ்வளவு என்று கேட்கிறோம்.

மாணவனிடம் பணம் எங்கே, கையால் தீட்டிய சேலையும் சட்டையும் வாங்க அவனால் முடியுமா என்று நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அச்சுத்துணி வாங்குவது பாவமன்று. அதனை அச்சுத்துணி என்றே சொல்லி வாங்குவோம், அணிவோம். ‘இது கையால் தீட்டியதா?’ என்று கடையில் ஒரு கேள்வி கேட்க ஒரு காசும் செலவில்லை. நூறு மாணவர் கேட்டால் கடைக்காரர் பெயர்ப்பலகையை மாற்றி எழுதுவார்.

இன்னும் கசப்பான ஒன்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும். கோலாப்பூர்ச் செருப்பு நம் நாட்டின் மானம் என்று பேசினோம். அந்தச் செருப்பைத் தலைமுறை தலைமுறையாகத் தைத்தவர்கள் தோல் தொழில் செய்யும் ஒடுக்கப்பட்ட மக்கள். தோலைத் தொட்டதற்காகவே அவர்களை ஊருக்கு வெளியே நிறுத்திய நாடு இது. செருப்பை நம்முடையது என்று உரிமை கொண்டாடிய வாய், தைத்தவரையும் நம்மவர் என்று சொல்லுமா? அதைச் சொல்லாதவரை, மிலானைக் கண்டிக்க நமக்குள்ள தகுதி பாதிதான்.

நம் கல்லூரி மேடைகளையும் பார்ப்போம். ஆண்டு விழா என்றால் ‘குறவன் குறத்தி’ வேடம் ஒன்று இருக்கும். பாசிமணி, கிழிந்த பாவாடை, கொச்சையான அசைவு, அரங்கம் நிறைந்த சிரிப்பு. அந்தச் சமூகத்தார், எங்கள் பெண்களை இழிவு செய்யாதீர்கள் என்று நெடுங்காலம் முறையிட்டார்கள். கலையைத் தடுக்கலாமா, வேடிக்கையைப் பெரிதாக்கலாமா என்பதே அவர்களுக்குக் கிடைத்த விடை. முடிவில் நீதிமன்றம் தலையிட்டது. 2023இல் தமிழ்நாடு அரசு அந்த ஆட்டத்தையே தடை செய்தது. நல்ல சொல்லுக்கு நாம் செவி கொடுத்திருந்தால் ஆணை எதற்கு வேண்டும்? இங்கே சித்தூர் மாவட்டத்தில் சுகாலி எனப்படும் லம்பாடி மக்கள் வாழ்கிறார்கள். அவர்கள் பிள்ளைகள் நம்மோடு படிக்கிறார்கள். கண்ணாடிச் சில்லு பதித்த அவர்கள் உடையை ஒரு மாலைக்கு வாடகைக்கு எடுத்து, ‘நாடோடி’ என்று பெயர் சூட்டி நாம் ஆடும்போது, பின் வரிசையில் அமர்ந்திருக்கும் அந்த மாணவி கைதட்டுவாளா, எழுந்து போவாளா என்று எண்ணிப் பார்த்ததுண்டா?

கண்டிக்கிறவர்களுக்கும் ஒரு சொல். ஒரு பெண் ஆசைப்பட்டு அணிந்த உடைக்காக அவளைப் பத்துப் பேர் சூழ்ந்து வைவது நீதியாகாது. அவள் வாங்கினாள், அவ்வளவே. பெயரை மறைத்தவர், இலாபம் எடுத்தவர், இழிவு செய்தவர் வேறு. கியோட்டோ மேயரின் கடிதம் எவரையும் வையவில்லை, கேட்க வேண்டியதை மட்டும் கேட்டது, கேட்டது நடந்தது.

கண்டிக்கப்படுகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். முதலில், யார் சொல்கிறார் என்று பாருங்கள். அந்த உடைக்கு உரியவரே சொன்னால், அவர் சொல்லி முடிக்கும்வரை விடை தேடாதீர்கள். அடுத்து, ‘உங்கள் மனம் புண்பட்டிருந்தால் வருந்துகிறேன்’ என்னும் வழவழத்த வாக்கியத்தை விட்டுவிடுங்கள். செய்தது இன்னது என்று பெயர் சொல்லிக் கூறுங்கள். பிறகு, திருத்துங்கள். பெயரைச் சேர்ப்பதோ, பங்கைக் கொடுப்பதோ, நிறுத்திவிடுவதோ, எது பொருந்துமோ அது. இடித்துரைப்பவரின் துணை இல்லாதவன் கெடுவான் என்று படித்து மதிப்பெண் வாங்கியவர்கள் நாம். தேர்வுக்கூடத்துக்கு வெளியிலும் அது செல்லட்டும்.

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோளுடன் முடிக்கிறேன். வரும் பொங்கல் விழாவில் மேடைத்திரைக்கும் பரிசுகளுக்கும் ஆலைத்துணி வாங்கும் பணத்தில், காளத்திக் கலைஞர் ஒருவரிடம் ஒரு துணி வாங்குவோம். சிறியதாயினும் போதும். தீட்டியவரை அழைத்து மேடையில் அமர்த்தி, தொழிலைப் பற்றி அவர் வாயாலேயே பேசச் சொல்லுவோம். லம்பாடி ஆடல் வேண்டுமானால் லம்பாடி மாணவியரைக் கேட்போம். அவர்கள் ஆட விரும்பினால் ஆடட்டும், விரும்பாவிட்டால் அந்த ஆடல் இல்லாமலே விழா நடக்கட்டும். செயற்குழு கூடும்போது இதனை எடுத்துப் பேசுமாறு கேட்டுக்கொள்கிறேன்.