எடைக்குப் போடும் முன் எழுதி வைப்போம்

மோட்டார் பாரம்பரியம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது பளபளக்கும் மோரிஸ் மைனர், ஆஸ்டின் கார்களின் அணிவகுப்புதான். பழைய வாகனங்கள் மீது ஆர்வம் கொண்ட பல்கலைக்கழக மாணவன் என்ற முறையில் நானும் அவற்றை ரசிக்கிறேன். ஆனால், லுக்குட் வட்டாரத் தோட்டங்களில் இந்தப் பாரம்பரியம் காரில் தொடங்கவில்லை. பால்வெட்டுக் கத்தியில் தொடங்கியது.

1888இல் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். 1896இல் மலாக்காவில் டான் சே யான் ரப்பரை வணிகப் பயிராக நட்டார். 1908இல் ஃபோர்டின் மாடல் டி கார் வந்த பிறகு டயருக்கான தேவை பல மடங்கு பெருகியது. அந்தத் தேவைக்காக நெகிரி செம்பிலானின் காடுகள் தோட்டங்களாயின. அங்கு விடியுமுன் எழுந்து மரம் வெட்டப் போனவர்களில் ஆயிரக்கணக்கானோர் தமிழர்கள். மேல்நாட்டுச் சாலைகளில் ஓடிய சக்கரங்களில் நம் பாட்டன், பாட்டியின் உழைப்பும் சேர்ந்தே உருண்டது.

பால்வெட்டுக் கத்தியைப் பிடிப்பது எளிய வேலையல்ல. பட்டையை மெல்லிதாகச் சீவ வேண்டும். ஆழமாகப் போனால் மரத்தில் காயம் விழும். புதுப் பட்டை சீராக வளராது. மரத்தைக் கெடுக்காமல் பால் எடுக்கும் முறையைச் சிங்கப்பூர் தாவரத் தோட்டத்தில் ரிட்லி ஆராய்ந்து காட்டினார். அதை நாள்தோறும் நூற்றுக்கணக்கான மரங்களில் செய்து முடித்தவை தோட்டத்துக் கைகளே.

தோட்டத்துப் பட்டறைக்கும் இதே மரியாதை உண்டு. 1950கள் வரை பிரிட்டனில் தயாரான பல லோரிகளிலும் எந்திரங்களிலும் விட்வர்த் அளவு திருகுகளே இருந்தன. விட்வர்த் ஸ்பேனரில் பொறித்திருக்கும் எண் அதன் வாயின் அகலத்தைக் குறிப்பதில்லை. திருகின் தடிமனைக் குறிக்கும். கால் அங்குல ஸ்பேனரின் வாய் ஏறத்தாழ 13.3 மில்லிமீட்டர். இன்றைய 13 ஸ்பேனர் அதில் நுழையாது. 14 போட்டால் வழுக்கி முனைகள் தேய்ந்துவிடும். ஆக, துருப்பிடித்த ஒரு ஸ்பேனர் பழைய இரும்புக் கடைக்குப் போனால், அதனோடு ஒரு பழைய எந்திரத்தைக் கழற்றிப் பூட்டும் வழியும் போய்விடுகிறது.

கருவிகளைக் கையாண்டு கற்பது நமக்குப் புதிதல்ல. கோயம்புத்தூரின் ஜி. டி. நாயுடு, வாங்கிய மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பூட்டித்தான் எந்திரங்களைக் கற்றார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டத் தொடங்கினார். அவர் பெயரிலான அறக்கட்டளை 2015இல் கோவையில் கார் அருங்காட்சியகமே திறந்தது.

லுக்குட்டிலும் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. ராஜா ஜுமாட் 1847இல் கட்டிய கோட்டையும் ஈயச் சுரங்க வரலாறும் அங்கு மதிக்கப்படுகின்றன. அவற்றோடு மங்கு, காண்டா வாளி, பால்வெட்டுக் கத்தி, பட்டறைச் சாமான்களுக்கும் தக்க இடம் வேண்டும் என்று நாம் கேட்கலாம். ஆனால், வெறும் கையோடு போய்க் கேட்டால் யாரும் செவிசாய்க்க மாட்டார்கள்.

எனவே, முதல் வேலை நம்முடையது. பள்ளி விடுமுறையில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு தோட்டத்தில் வாழ்ந்த பெரியவர்களிடம் செல்வோம். வீட்டின் பின்புறம் கிடக்கும் ஒவ்வொரு கருவியையும் படமெடுத்து, அளவு குறித்து, மூன்று கேள்விகள் கேட்போம்: இதற்குத் தோட்டத்தில் என்ன பெயர்? எந்த வேலைக்குப் பயன்பட்டது? யார் கற்றுக்கொடுத்தார்? தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் இதை வரலாற்றுப் பாடத் திட்டப்பணியாகவும் தரலாம்.

தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் செம்பனைக் காடுகளாகவும் மாறிவிட்டன. அந்த மாற்றத்தை நம்மால் தடுக்க முடியாது. ஆனால் மங்கு, காண்டா போன்ற சொற்களைச் சொல்லவும், கத்தியைச் சரியான கோணத்தில் பிடித்துக் காட்டவும் தெரிந்தவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். இரும்புக்குக் கிலோ கணக்கில் விலை கிடைக்கும். அவர்களின் அறிவுக்கு எந்தத் தராசும் இல்லை. கேட்டு எழுத வேண்டிய காலம் இதுவே.