சாரம் சரிந்தால் மரத்தின் மீதா பழி?

ஆப்பிரிக்க நகரங்களில் கட்டடச் சாரம் சரிந்து தொழிலாளர் மாளும்போதெல்லாம், குற்றவாளிக் கூண்டில் முதலில் ஏற்றப்படுவது மரக்கம்புதான். மரச்சாரம் பின்தங்கிய முறை, இரும்புக் குழாய் வந்துவிட்டால் உயிர்ப்பலி நின்றுவிடும் என்பது கட்டுமான முதலாளிகளுக்கு வசதியான வாதம். மரத்தின் மீது வழக்குத் தொடுக்க முடியாதல்லவா!

எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவைப் பார்ப்போம். 1886இல் உருவான அந்நகரில் விறகுப் பஞ்சம் முற்றி, தலைநகரையே இடம் மாற்றும் பேச்சு எழுந்தது. பேரரசர் இரண்டாம் மெனெலிக் காலத்தில், 1890களில், ஆஸ்திரேலிய யூகலிப்டஸ் அங்கு வந்து சேர்ந்தது. ‘பாஹர் ஸாஃப்’, அதாவது கடல் கடந்து வந்த மரம் என மக்கள் அதற்குப் பெயரிட்டனர். விரைந்து வளரும்; நெடிதாக, நேராக நிற்கும்; வெட்டிய அடியிலிருந்தே மீண்டும் துளிர்க்கும். அடுப்புக்கும் மண்வீட்டுச் சுவருக்கும் பயன்பட்ட அதுவே பல மாடிக் கட்டடங்களுக்குச் சாரமாகவும் ஆயிற்று. கம்பு, ஆணி, பலகை: அவ்வளவே. சரிவுப் பலகைகளில் கலவை சுமந்து ஏறுவோரில் தினக்கூலிப் பெண்கள் ஏராளம்.

இம்மரத்தின் குறைகள் மறைவானவை அல்ல. பச்சைக் கம்பு உலர உலரச் சுருங்கும், ஆணிப்பிடி தளரும். மழையில் ஊறிய அடிப்பகுதி இற்றுப்போகும். ஆணியடித்துப் பிடுங்கி, மறுபடி அடித்த கம்பு பிளக்கும். பழுதுற்றதைக் கழிப்பதும், குறுக்குக் கம்பு கொடுப்பதும், சாரத்தைச் சுவரோடு பிணைப்பதும், ஏறுமுன் சோதிப்பதும் தெரிந்த பரிகாரங்களே. ஆனால் ஒவ்வொன்றும் ஒப்பந்தக்காரரின் பணத்தையும் நேரத்தையும் தின்னும்.

மாலி நாட்டின் ஜென்னே பெரிய மசூதியின் இன்றைய கட்டடம் 1907இல் எழுந்தது. அதன் மண்சுவர்களில் துருத்தி நிற்கும் பனைக்கட்டைகளுக்கு ‘டோரோன்’ என்று பெயர். நம் பனைக்கு உறவான ஆப்பிரிக்கப் பனை அது. ஆண்டுதோறும் ஊர் கூடி மண் பூசுகையில் அக்கட்டைகளே சாரம். அங்கே சுவரைக் காப்பவரும் அதில் ஏறுபவரும் ஒரே ஊரார். அடிஸ் அபாபாவில் சாரத்துக்கு உரியவர் அதில் ஏறுவதில்லை.

இதற்காகப் பழமைக்குப் பல்லாண்டு பாட வேண்டியதில்லை. உயர்ந்த கட்டடங்களுக்கு இரும்புச் சாரம் தேவைதான். ஆயினும் இணைப்பு தளர்ந்த, சுவரோடு பிணைக்காத இரும்பும் சரியும். மேலும், இரும்புக் குழாயின் வாடகை யாருடைய கூலியில் கழிக்கப்படும் என்பதும் கேட்கப்பட வேண்டிய கேள்வி.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1988ஆம் ஆண்டு 167ஆவது உடன்படிக்கை மரமா, இரும்பா என்று வழக்காடவில்லை. பாதுகாப்பான சாரம் அமைக்கப்பட வேண்டும், தகுதியுடையவர் அதைச் சோதிக்க வேண்டும் என்கிறது. கடும் ஆபத்து நெருங்கியதெனக் கருதத் தக்க காரணமிருந்தால் விலகிக்கொள்ளும் உரிமையையும் தொழிலாளிக்கு அளிக்கிறது. அவ்வாறு சாரத்தை விட்டு இறங்கும் பெண்ணுக்கு அன்றைய கூலி உண்டா, மறுநாள் வேலை உண்டா என்பதைத் தொழிற்சங்கங்கள் பேச்சுவார்த்தை மேசையில் முதற்கோரிக்கையாக வைக்க வேண்டும்.