கருத்து வேறுபாடு இரண்டகம் ஆகாது

ஒருவர் ஓர் இயக்கத்தைச் சார்ந்தார் என்பதனால், தம் அறிவை அவ்வியக்கத்திடம் அடகு வைத்துவிட்டார் என்று பொருளன்று. ஆயினும் தமிழ் இயக்கங்களுள் ஒரு நோய் வேரூன்றி நிற்கின்றது. தனித்தமிழ் அன்பர் ஒருவர் இறைநம்பிக்கை உடையவராயின், இறைமறுப்பாளர் அவரை ஐயுறுகின்றனர். இறைமறுப்பாளர் ஒருவர் கோயிலில் தமிழ் வழிபாட்டுரிமைக்குக் குரல் கொடுத்தால், அவர்தம் தோழரே அவரைக் குறைகூறுகின்றனர். திராவிடம் என்னும் சொல்லை மறுப்பவர் ஒருவர் பெரியாரின் பெண்விடுதலைத் தொண்டைப் போற்றினால், 'இரண்டகன்' என்னும் பழி அவர்மேல் விழுகின்றது. பெயர்ப்பலகையே ஆளை அளக்கும் கோலாகிவிட்டது.

இந்நோய்க்கு மருந்து காஞ்சியின் வரலாற்றிலேயே இருக்கின்றது.

1925 நவம்பரில் பேராயக் கட்சியின் தமிழ் மாநில மாநாடு காஞ்சியிற் கூடியது. தலைமை தாங்கியவர் தமிழ்த்தென்றல் திரு.வி.க. கதராடையைத் தோளிற் சுமந்து விற்றவரும், கள்ளுக்கடை மறியலிற் சிறை சென்றவரும், வைக்கத்திற் போராடியவரும், அக்கட்சியின் தமிழ்நாட்டுத் தலைவராகவே இருந்தவருமாகிய பெரியார் ஈ.வெ.இரா. அம்மாநாட்டில் வகுப்புரிமை வேண்டி ஒரு முடிபைக் கொண்டுவர முனைந்தார். அதற்குத் தலைவர் இசைவு தரவில்லை. பெரியார் அவையை விட்டு வெளியேறினார். கட்சியின் பெயரினும் கொள்கை பெரிதென்று அவர் அன்று துணிந்திராவிடில், தன்மதிப்பு இயக்கம் அத்துணை வீறோடு எழுந்திராது.

22 ஆண்டுகள் சென்றன. அன்று மாறுபட்டு எழுந்தவர் இப்பொழுது தலைவர். 1947 ஆகசுட்டு 15-ஆம் நாளைத் துயரநாளாகக் கொள்ளுமாறு பெரியார் அறிவித்தார். ஆட்சி வெள்ளையர் கையினின்று வடவர் கைக்கே மாறுகின்றது என்பது அவர் கருத்து. காஞ்சியில் நெசவாளர் குடியிற் பிறந்து, 1942 முதல் அவ்வூரிலிருந்தே 'திராவிட நாடு' கிழமையிதழை நடத்திவந்த அறிஞர் அண்ணா, அவ்விதழிலேயே அந்நாள் மகிழ்வுக்குரிய நாள் என்று எழுதினார். இரு பகைகளுள் ஒன்று நீங்குகின்றது. அதற்குத் துயருறின், வெள்ளையர்க்கு வால்பிடித்தோர் என்னும் பழி கழகத்தின்மேல் நிலைத்துவிடும் என்பது அவர் வழக்கு. கழகத்துள் தம் இடம் போகக்கூடும் என்று அறிந்தே அவர் அதனை எழுதினார்.

இருவருள் எவர் கருத்துச் சரியென்று தமிழர் இன்றும் மாறுபடலாம். வடவர் மேலாண்மை பற்றிய பெரியாரின் அச்சம் வெற்றச்சம் அன்று என்பதை 1965-இன் இந்தி எதிர்ப்புப் போர் காட்டிற்று. மக்கள் உள்ளத்தை அறிந்து நின்ற அண்ணாவின் கணிப்பும் பிழையன்று என்பதை 1967 தேர்தல் காட்டிற்று. இவருள் ஒருவரை இரண்டகர் என்பவன் வரலாறு அறியாதவன்.

1949-இல் தனிக்கழகம் கண்டபோதும் தலைவர் இருக்கையை அண்ணா பெரியார்க்கென்றே ஒழித்து வைத்தார். 1967 தேர்தலிற் பெரியார் எதிரணியையே ஆதரித்தார். வென்ற அண்ணாவோ திருச்சிராப்பள்ளிக்குச் சென்று அவரைக் கண்டார். 18 ஆண்டுப் பிரிவு உறவை அறுக்கவில்லை.

1963-இல் அரசியல் சட்டத்தின் 16-ஆம் திருத்தம் வந்தபோது பிரிவினைக் கோரிக்கையை அண்ணா கைவிட்டார். அதனைத் தமிழ்த்தேசியர் பலர் ஏற்கவில்லை. ஏற்கவேண்டிய கட்டாயமும் இல்லை. ஆனால் அதனை அவர் மறைவிற் செய்யவில்லை. பிரிவினைக்குரிய கரணியங்கள் அப்படியே உள்ளன என்று வெளிப்படக் கூறியே செய்தார். 1968-இல் பள்ளிகளினின்று இந்தியை அகற்றியதும், 1969 சனவரி 14-இல் 'தமிழ்நாடு' என்னும் பெயர் நடைமுறைக்கு வந்ததும் அவர் ஆட்சியிலேயே. அவரை முற்றாகத் தள்ளுவோர் இவற்றை எவர் கணக்கில் எழுதுவர்?

காஞ்சித் தறியில் கோர்வைச் சேலை நெய்வோர் அறிந்த உண்மை ஒன்றுண்டு. உடலுக்கு ஒரு நிறம். கரைக்கு வேறு நிறம். இரண்டின் ஊடையும் தனித்தனி நாடாவில் ஓடுகின்றன. எனினும் சந்திக்குமிடத்தில் இழைதோறும் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. சேலை நைந்தாலும் கரை எளிதிற் பிரியாது. நிறவேறுபாடு அங்கே குறையன்று. பிடிப்பு இல்லாமையே குறை.

இயக்கத்திற்கும் இதுவே நெறி. மாறுபடுவோரை அளக்க மூன்று வினாக்கள் போதும். அவர் வெளிப்படையாகப் பேசினாரா? பேசியதற்குரிய இழப்பை ஏற்க அணியமாக இருந்தாரா? மாறுபட்ட பின்னும் தமிழ்நலத்திற்கு உழைத்தாரா? இம்மூன்றுக்கும் 'ஆம்' என்னும் விடை கிடைக்குமாயின் அவர் தோழரே. அவர் கருத்தை மறுக்கலாம், அவரை விலக்கலாகாது. முன்னே தலையாட்டிப் பின்னே புறங்கூறுவதும், நாற்காலிக்காக நாவை மாற்றுவதுமே இரண்டகம்.

தமிழர்க்குப் பகைவர் வெளியே மிகப் பலர். உள்ளே சிந்திப்போரையும் பகைவராக்கிக்கொள்ளும் இயக்கத்தில் எஞ்சுவோர் தலையாட்டிகளே. தலையாட்டிகள் எம்மொழியையும் காத்ததில்லை, எந்நாட்டையும் மீட்டதில்லை. மாறுபட்டுப் பேசும் தோழனின் சொல்லைத் தமிழன் முதலிற் கேட்கட்டும், பிறகு மறுக்கட்டும்!