விசாரிக்க ஒருவர் வேண்டும்

இருங்காட்டுக்கோட்டையில் 1998-ஆம் ஆண்டு ஹூண்டாய் ஆலை கார் உற்பத்தியைத் தொடங்கிய நாள்முதல், ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம், வல்லம் வடகால் என்று விரிந்துகொண்டே போகும் இத்தொழில் வட்டாரம், தென் மாவட்டங்களிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் ஆயிரக்கணக்கான இளைஞரையும் யுவதிகளையும் தன்பால் ஈர்த்து வருகிறது. அவர்களுள் கிறிஸ்தவக் குடும்பங்களில் பிறந்து, ஞாயிறு பள்ளியில் வளர்ந்து, வாலிபர் ஐக்கியத்தில் பாடிப் பழகியவர்களும் உண்டு. ஊரில் ஒரு ஞாயிறு ஆராதனைக்கு வரவில்லையென்றால், பொழுது சாய்வதற்குள் உபதேசியார் திண்ணையில் வந்து உட்கார்ந்து, காய்ச்சலா, மனஸ்தாபமா என்று விசாரித்துவிட்டுத்தான் போவார். இங்கோ, நால்வர் வாடகையைப் பங்கிட்டுக்கொள்ளும் ஓர் அறையில், நைட் ஷிஃப்ட் முடித்தவன் பாதுகாப்புக் காலணியை வாசலில் கழற்றும் வேளையில் காலை ஷிஃப்டுக்குப் போகிறவன் தன் காலணியை மாட்டிக்கொண்டு கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுகிறான். ஒரே பாயைப் பகிர்ந்துகொள்ளும் இருவர் வாரக்கணக்கில் நிதானமாகப் பத்து வார்த்தை பேசிக்கொள்வதில்லை. சம்பளம் வந்த இரவில் கைப்பேசியில் ரம்மி ஆடித் தோற்றவனும், அந்தக் கடனை அடைக்க வேறொரு கடன் செயலியை நாடியவனும், டாஸ்மாக் வாசலில் முதன்முதலாக நின்றவனும் தம் வீழ்ச்சியைத் தாமே சுமக்கிறார்கள்.

இவர்களுக்கு வேண்டியது இன்னுமொரு பிரசங்கமன்று. அன்போடு கேள்வி கேட்கவும், கேட்டதற்கு உண்மையான பதிலைப் பெறவும் உரிமையுள்ள ஒரு சிநேகிதனே என்பது என் உறுதியான கருத்து.

இதற்குச் சரித்திரத்தில் பிரத்தியட்சமான முன்மாதிரி உண்டு. 1742-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், தொழுகைக் கூடம் கட்டிய கடனைத் தீர்க்க ஒவ்வொருவரும் வாரம் ஒரு பென்னி தருவதென்றும், பன்னிருவருக்கு ஒருவர் பொறுப்பேற்று அதைத் திரட்டுவதென்றும் ஜான் வெஸ்லியின் சபையார் தீர்மானித்தார்கள். காசு வாங்க வீடுவீடாகச் சென்றவர்களோ, ஒரு வீட்டில் குடியையும் மறு வீட்டில் சச்சரவையும் கண்டு திரும்பினார்கள். அதுவரை தாம் அறியாதிருந்த ஆத்தும நிலையை அறிய வழி பிறந்துவிட்டதென்று உணர்ந்த வெஸ்லி, காசு திரட்டியவர்களையே மேய்ப்பின் பொறுப்பாளர்களாக்கி, வாரந்தோறும் கூடி ஒருவரையொருவர் விசாரிக்கும் சிறு வகுப்புகளை நிலைநிறுத்தினார். சுரங்கத்திலும் பட்டறையிலும் உழைத்த எளிய மக்களிடையே வெஸ்லியின் மெதடிஸ்ட் இயக்கம் வேரூன்றியதற்கு இவ்வகுப்புகள் பெருங்காரணம்.

நம் மண்ணிலும் சான்று உண்டு. 1910-ல் எடின்பரோவில் கூடிய உலக மிஷனெரி மாநாட்டில், வெள்ளாளன்விளையில் பிறந்த வி. எஸ். அசரியா, மேல்நாட்டார் செய்த தியாகங்களுக்கு நன்றி கூறிவிட்டு, இந்தியர் அவர்களிடம் நாடுவது சிநேகத்தையே என்று பகிரங்கமாகச் சொன்னார். பதினோரு ஆண்டுகளுக்குப்பின், 1921-ல், ஜேசுதாசன் என்ற தமிழ் மருத்துவரும் ஃபாரஸ்டர் பேட்டன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவரும் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தை ஸ்தாபித்து, ஏழைகளுக்கு வைத்தியம் செய்து வாழ்ந்தார்கள். ஆங்கிலேயர் ஆண்ட அக்காலத்தில் தமிழரான ஜேசுதாசன் பெரியண்ணன் என்றும் வெள்ளையரான பேட்டன் சின்னண்ணன் என்றும் அழைக்கப்பட்டார்கள். மூத்தவர் சொல்லுக்கு இளையவர் கட்டுப்படுவதும், இருவரும் ஒரே நியமத்துக்குக் கட்டுப்படுவதும் சிநேகத்தைக் குறைக்காமல் அதற்கு ஆயுள் தந்தன.

ஆனால் விசாரிப்பு வேறு, வேவு வேறு என்பதை இங்கே வற்புறுத்திச் சொல்ல வேண்டும். ஆலைக்குள் சூப்பர்வைசரும் கேமராவும் உற்பத்தி இலக்கும் எட்டு மணி நேரமும் தொழிலாளியைக் கண்காணிக்கின்றன; அந்த எட்டு மணி நேரத்தில் அவன் மனத்தைப் பற்றி எவரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. சபையும் இன்னொரு கண்காணிப்பு நிலையமாகிவிடலாகாது. கேட்கிறவன் தானும் கேட்கப்படச் சம்மதிக்க வேண்டும். அந்தரங்கமாகச் சொன்னது ஜெப விண்ணப்பம் என்ற பெயரில் ஊருக்குப் பரவக்கூடாது. விலக விரும்புகிறவரை நிர்ப்பந்திக்கக்கூடாது. போதகரும் பங்குத்தந்தையும் தமக்கென்று அப்படியொரு சிநேகிதரைத் தேடிக்கொள்ள வேண்டும். தாவீது அரசனாயிருந்தும், தன் பாவத்தைச் சுட்டிக்காட்டிய நாத்தான் தீர்க்கதரிசியின் வார்த்தைக்குத் தலைகுனிந்தானே!

அவ்வாறே, சிநேகிதனின் பாவத்தை மட்டும் விசாரித்து அவன் பசியை விசாரியாத பக்தி அரைகுறையானது. 2024-ல் சாம்சங் தொழிலாளர் ஒரு மாதத்துக்கும் மேலாக வேலைநிறுத்தம் செய்ததை இவ்வட்டாரம் கண்டது. அத்தகைய நாள்களில் ‘ஜெபித்தாயா?’ என்ற கேள்விக்கு முன்னால் ‘வீட்டில் அரிசி இருக்கிறதா?’ என்ற கேள்வி வர வேண்டும்.

கத்தோலிக்கச் சபையில் அன்பியங்கள் என்னும் சிறு குழுக்கள் உண்டு. மற்றச் சபைகளில் வீட்டு ஜெபக்கூட்டங்கள் உண்டு. அவை பெரும்பாலும் குடும்பங்களையும் மாலைப் பொழுதையும் எண்ணி அமைந்தவை. ஷிஃப்ட் மாறிமாறி உழைக்கும் இளைஞருக்கு அவற்றில் இடம் கிடைப்பதரிது. ஆகவே இவ்வட்டாரத்துச் சபைகள், ஒரே ஷிஃப்டில் உழைக்கும் இருவர் மூவரை, ஆண்களைத் தனியாகவும் பெண்களைத் தனியாகவும் இணைத்து, வாரத்தில் ஒரு மணி நேரம் டீக்கடை பெஞ்சிலோ விடுதி மாடியிலோ கூட வகை செய்யட்டும். ஊரிலுள்ள ஆயர்கள், பிள்ளை ஒரகடத்துக்குப் புறப்படும் அன்றே இங்குள்ள ஓர் ஆயருக்குக் கடிதம் எழுதி அவனை ஒப்படைக்கட்டும். கிறிஸ்து தம் சீஷர்களை இருவர் இருவராகவே அனுப்பினார். நம் பிள்ளைகளைத் தனியாக அனுப்பிவிட்டு, அவர்கள் விழுந்தபின் வருந்துவது நமக்குத் தகாது.