பெயர் வெட்டிய பாத்திரம்

கல்யாண வீட்டில் பந்தி முடிந்ததும் ஒரு சின்னக் கலகம் நடக்கும். "இது எங்கள் வீட்டு அண்டா!" என்பாள் ஒருத்தி. "நன்றாகப் பாருங்கள் அக்கா, எங்கள் பெயரல்லவா வெட்டியிருக்கிறது!" என்பாள் இன்னொருத்தி. இரண்டிலுமே 'மு. லட்சுமி' என்று வெட்டியிருந்தால் யார் தீர்ப்புச் சொல்வது?

ஆட்களுக்கு மட்டுமா, ஊர்களுக்கும் இந்தச் சங்கடம் உண்டு. மதுரை ஜில்லாவில் ஒரு பேரையூர். புதுக்கோட்டை ஜில்லாவில் திருமயத்துக்குப் பக்கத்தில் இன்னொரு பேரையூர். இப்படிப்பட்ட குழப்பங்களைத் தீர்க்கத்தான் 1972 ஆகஸ்ட் 15-ந் தேதி தபால் இலாகா பின்கோடு கொண்டுவந்தது. நம் மதுரைப் பேரையூருக்கு 625703.

கம்ப்யூட்டரும் கட்டம் போட்ட பேரேட்டைப் போலத்தான் கணக்கு வைத்துக்கொள்கிறது. ஆளுக்கு ஒரு வரி. 1970-இல் இந்த முறையை வகுத்த எட்கார் காட் என்பவர், ஒவ்வொரு வரிக்கும் தனி அடையாளம் வேண்டும் என்றார். அதற்கு 'முதன்மைச் சாவி' என்று பெயர்.

"பத்தாவது வரி என்று சொன்னால் போதாதா?" என்று கேட்பீர்கள். 'கோயிலுக்கு அடுத்த மூன்றாவது வீடு' என்பது போன்றது அது. ஆரக்கிள் என்ற மென்பொருளில் 'ரோஐடி' என்று அப்படி ஒரு விலாசம் இருக்கிறது. வரியைச் சட்டென்று எடுத்துக் கொடுக்கும். ஆனால் வரி இடம் பெயர்ந்தால் விலாசமும் மாறிவிடும்.

பெயரை நம்பலாமா? கல்யாணமானால் இனிஷியல் மாறுகிறது. டெலிபோன் நம்பர்? நாம் விட்டுவிட்டால் வேறொருவருக்குப் போய்விடுகிறது.

ஆகவே நல்ல அடையாள எண்ணுக்கு மூன்று குணம் வேண்டும்: இருவருக்கு இருக்கக்கூடாது, மாறக்கூடாது, ஒருவர் காலத்துக்குப் பிறகு இன்னொருவருக்குத் தரப்படக்கூடாது. ஆதாரின் 12 இலக்கங்கள் அப்படி அமைந்தவை. ஊர், ஜாதி, வயது எதுவும் அதில் ஒளிந்திருக்கவில்லை. கடைசி இலக்கம் காவல்காரன். முன்னுள்ள பதினொன்றில் ஒன்றைத் தவறாக எழுதினாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

எல்லா எண்ணுக்கும் இந்தக் காவல் உண்டென்று நம்பிவிடாதீர்கள். ஓர் இலக்கம் பிசகினால், ஒரு முத்துலட்சுமியின் விதவைப் பென்ஷன் இன்னொரு முத்துலட்சுமியின் கணக்கில் விழக்கூடும். முதல் தேதிக்காகக் காத்திருப்பவள் வீட்டில் அடுப்பு எப்படி எரியும்?

மனுவில் பாங்கிக் கணக்கு எண்ணை எழுதியதும், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வோர் இலக்கமாக வாய்விட்டுப் படியுங்கள். பக்கத்தில் உள்ள பெண்ணையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். அண்டா மாறினால் மறுநாள் திருப்பி வாங்கிக்கொள்ளலாம். பணம் மாறினால் எத்தனை நாள் நடக்க வேண்டுமோ!